பழைய பேஸ் கிடாருக்கு மறுவாழ்வு

மெல்லிசைக் கச்சேரிக்குப் போனால் பாடகரைப் பார்ப்போம், கீபோர்டு வாசிப்பவரைப் பார்ப்போம். பின்வரிசையில் நான்கு தந்திகளோடு நிற்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டால் பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடு போல் ஆகிவிடும். அதுதான் பேஸ் கிடார். இளையராஜா அவர்களின் பாடல்களைக் கூர்ந்து கேட்பவர்களுக்கு, அது தாளத்துக்குத் துணை நிற்பதோடு தனி வரியே பாடும் என்பது தெரியும்.

என் அண்ணன் சித்தூர், திருப்பதி கல்யாணக் கச்சேரிகளில் சுமார் இருபது ஆண்டுகள் பேஸ் வாசித்தவர். அவர் மறைந்தபின் வாத்தியம் பரணில் கிடந்தது. சென்ற ஆண்டு அவர் மகன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"சித்தப்பா, சத்தமே வரலை. கழுத்து வேற குட்டையா இருக்கு. பெரிய கழுத்தா மாத்தி, புது பெயிண்ட் அடிச்சிடலாமா?"

"முதல்ல திறந்து பார்ப்போம்பா" என்றேன். வீட்டில் பழைய வாத்தியம் வைத்திருக்கும் அன்பர்களுக்குப் பயன்படும் என்பதால், பார்த்ததையும் செய்ததையும் எழுதுகிறேன்.

குட்டைக் கழுத்து குறையா?

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் 1951-ல் வெளியிட்ட பேஸ் கிடாரில் தந்தி நீளம் 34 அங்குலம். இன்றும் அதுவே பொது அளவு. ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் 1956-ல் வெளியிட்ட வயலின் வடிவ பேஸில் சுமார் 30 அங்குலம். ஃபெண்டரே 1966-ல் 30 அங்குலத்தில் மஸ்டாங் பேஸைக் கொண்டுவந்தது. அண்ணனுடையதும் 30 அங்குல ரகம்தான், ஜப்பானில் செய்தது.

ஒரே தந்தியை ஒரே சுருதியில் வைத்தால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30-ஐ 34-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.78 வரும். அதாவது குட்டைக் கழுத்தில் இழுவிசை 22 சதவீதம் குறைவு. முதல் மெட்டின் அகலம் 34 அங்குலத்தில் சுமார் 48 மில்லிமீட்டர், 30 அங்குலத்தில் 43 மில்லிமீட்டர். விரல் அதிகம் விரிய வேண்டாம். தந்தி சற்றுத் தளர்வாக இருப்பதால் நாதம் உருண்டையாக வரும். இது குறையல்ல, குணம்.

கழுத்தை மட்டும் மாற்ற முடியாதா என்றால், பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி போகும் நம் பழைய மீட்டர் கேஜ் பாதையை நினைத்துப் பாருங்கள். 1,000 மில்லிமீட்டரை 1,676 ஆக்கியபோது தண்டவாளத்தை நகர்த்தினால் மட்டும் போதவில்லை. ஸ்லீப்பர், பாயிண்ட் எல்லாம் மாறின. கிடாரிலும் கழுத்து நீண்டால் குதிரை இடம் மாற வேண்டும், பிக்கப்பின் இடமும் பொருந்தாது. மிஞ்சுவது வேறு வாத்தியம். பையனுக்கு இது புரிந்தது.

ஆகவே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: திரும்பப் பழையபடி ஆக்க முடியாத எதையும் செய்வதில்லை. புதுத் துளை இல்லை, புதுப் பெயிண்டும் இல்லை. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் சீட்டு எழுதிப் பையில் போட்டோம். ரயில்பெட்டிப் பணிமனையில் கற்ற பழக்கம்.

செய்த வேலைகள்

முதலில் கழுத்து. உள்ளே ஓர் எஃகுக் கம்பி தந்திகளின் இழுப்புக்கு எதிராக நிற்கிறது. ஆலன் கீயால் கால் சுற்றுத் திருப்பி, ஒரு நாள் விட்டு, மறுபடி பார்க்க வேண்டும். அவசரப்பட்டால் கம்பி முறியும். ஏழாம் மெட்டில் ஃபீலர் கேஜ் 0.3 மில்லிமீட்டர் காட்டியபோது நிறுத்தினோம்.

அடுத்து மெட்டுகள். வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் நிற்பதால் மேளம் கட்டுபவர் அவற்றை நகர்த்திச் சுருதி சேர்க்கலாம். கிடாரில் மெட்டுகள் மரத்தில் இறங்கியவை; நகராது. குதிரையை நகர்த்தித்தான் சுருதி சேர்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 15 அங்குலத்தில் இருக்கிறது. ஆனால் விரலால் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி சற்று ஏறும். அதை ஈடுகட்டக் குதிரை சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். தடித்த தந்திக்கு இன்னும் பின்னால். பழைய மரக் குதிரையில் இதற்கு வசதி இல்லை. அதே துளைகளில் பொருந்தும் உலோகக் குதிரையை வைத்தோம். பழையது பையில் பத்திரம்.

சத்தம் வராததற்குக் காரணம் பிக்கப்பில் இருந்தது. அதில் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மல்டிமீட்டர் இணைப்பே இல்லை என்று காட்டியது. புதியது வாங்குமுன் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். வெளிக் கம்பியோடு சேரும் இடத்தில் களிம்பேறி அறுந்திருந்தது. ஒரு சுற்றுப் பிரித்து சால்டர் வைத்ததும் ஏழு கிலோ ஓம் காட்டியது. உயிர் வந்தது!

உயிரோடு இரைச்சலும் வந்தது. நமது மின்சாரம் நொடிக்கு 50 அலை. பேஸின் தடித்த இரு தந்திகள் 41, 55. மெல்லிய தந்தி 98. மின்சாரத்தின் இரட்டிப்பு 100. அதாவது இரைச்சல் பேஸ் ஒலிக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. டோன் கன்ட்ரோலைக் குறைத்தால் போகாது. உட்குழிவில் செம்புத் தகடு ஒட்டி எர்த்தோடு இணைத்தோம், பெருமளவு அடங்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிடார் தந்திகள் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தவை. பந்தலில் எர்த் சரியில்லாமல் போனால், தந்தியைத் தொட்டபடி மைக்கில் வாய் வைப்பவருக்கு உயிராபத்து. மேடை இணைப்பில் 30 மில்லியாம்பியர் கசிவுத் தடுப்பு பிரேக்கர் அவசியம்.

பரணில் கிடைத்த பொக்கிஷம்

பரணில் தூங்கிய பேஸ் எங்களுடையது மட்டுமல்ல. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுனுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ், 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அது ஒரு வீட்டுப் பரணிலிருந்து கிடைத்த செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. பழுது பார்த்தபின், அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் மேடையில் அவரே அதை வாசித்தார். வாங்க நினைத்தால் அவருக்குப் புதியது எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். அந்த ஒன்று கிடைக்காது.

கடைசியாக ஒன்று. தலைப்பக்கம் தந்திகள் தங்கும் எலும்புத் துண்டை மாற்றும்போது, தடித்த தந்தியின் அடியில் மடித்த பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருந்தது. பாலிடெக்னிக்கில் படித்தபோது "சரி செய்கிறேன்" என்று அந்தக் காடியை அராவியவன் நான்தான். ஆழம் அதிகமாகி, தந்தி மெட்டில் உரசியிருக்கிறது. அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிக்கெட்டை மடித்து வைத்து வாசித்துக் கொண்டே இருந்திருக்கிறார்.

புது எலும்புத் துண்டைச் சரியான ஆழத்தில் அராவி வைத்தேன். பழையதையும் டிக்கெட்டையும் பையில் போட்டுச் சீட்டு எழுதினேன். அண்ணனின் கட்டைவிரல் தேய்த்த இடத்தில் வார்னிஷ் போயிருக்கிறது. அங்கே பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று பையனே சொல்லிவிட்டான். இப்போது அவன் கட்டைவிரல் அங்கேதான் இருக்கிறது.