கொட்டிலுக்குச் சென்ற கம்பி

எங்கள் வீட்டுக்கும் மோட்டார்வண்டிக் கொட்டிலுக்கும் இடையே ஏறக்குறைய அறுபது அடி தூரம் உண்டு. அவ்வறுபது அடியையும் 2010ஆம் ஆண்டிலே யான் ஒரு மெல்லிய இரட்டைக் கம்பியினாற் கடந்தேன். கொட்டிலில் ஒரு விளக்கு எரிந்தாற் போதும் என்பதே அன்றைய எண்ணம். அதற்காக மின்றொழில் அறிந்தவருக்குக் கூலி கொடுப்பானேன் என்று கருதி, முன்னறையிலிருந்து கம்பியை இழுத்து, முருங்கையிலே கட்டி, கூரைமரத்தில் ஆணியடித்து மாட்டினேன். விளக்கு எரிந்தது, உள்ளத்திற் பெருமையும் உண்டாயிற்று.

ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கம்பியின்மேற் சுமை ஏறியது. முதலில் ஒரு மின்விசிறி; பின்னர்ச் சில்லுக்குக் காற்றடிக்கும் பொறி; அதன்பின் இரும்பு துளைக்கும் பழைய பொறி. வேண்டியபோதெல்லாம் கம்பியை வெட்டி முறுக்கிக் கறுப்பு நாடா சுற்றினோம்.

2024ஆம் ஆண்டுக் கார்த்திகை மாரியில் ஒருநாள் என் தமக்கையின் மகன் ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று அத்துளைபொறியைத் தொட்டான். மறுகணம் சுவரோரத்திற் கிடந்தான். அவன் எறியப்பட்டமையே அவனுயிரைக் காத்தது. பொறியை இறுகப் பற்றியிருந்தானாயின், தசைகள் சுருங்கி, கையை விடவியலாது போயிருக்கும். விரல்நுனியிற் கரிந்த வடு ஒன்றோடு பிழைத்தான். வீட்டு உருகிகளுள் ஒன்றேனும் உருகவில்லை. கொட்டில் விளக்கு, ஏதும் நிகழாததுபோல, எரிந்துகொண்டேயிருந்தது.

மறுநாள் வந்த மின்றொழிலாளர் என்னிடம் பயின்றவர். புணர்ச்சி விதிகளுக்கு அஞ்சிப் பின்வாங்கில் ஒளிந்திருந்தவர். கம்பியை மேலுங் கீழும் நோக்கிவிட்டு, “ஐயா, இதை ஆர் இழுத்தது?” என்று வினவினார்.

“நான்தான், தம்பி.”

ஆசிரியனைக் கடிய மனமின்றி அவர் தலைகுனிந்துகொண்டார். “உருகி இருந்ததே, அது ஏன் காக்கவில்லை?” என்று கேட்டேன்.

“பியூஸ் வயரைத்தான் காக்கும் ஐயா, ஆளைக் காக்காது.”

அன்று யான் மாணாக்கனானேன். நம் நாட்டு வீடுகளுக்கு வரும் மின்னின் அழுத்தம் 230 வோல்ற்று. 60 உவாற்று மின்குமிழ் ஒன்று எரிய ஏறக்குறைய 260 மில்லியம்பியர் ஓட்டம் வேண்டும். அதில் ஒன்பதிலொரு பங்கு, அதாவது 30 மில்லியம்பியர் அளவு, மார்பினூடு பாய்ந்தாலே உயிருக்கு இடராகலாம். 5 அம்பியர் உருகியோ 5000 மில்லியம்பியரையும் தடையின்றிச் செல்லவிடும். கம்பி தீப்பற்றாது காப்பதொன்றே அதன் கடன்.

பழைய கம்பி முழுவதும் அகற்றப்பட்டது. கொட்டிலுக்கெனத் தனிச்சுற்று அமைத்து, அதற்கொரு சுற்றுடைப்பானும், மக்கள் ‘றிப் சுவிச்சு’ என வழங்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பானும் பொருத்தினார். பின்னது, வெளியே சென்ற ஓட்டமும் மீண்டு வந்த ஓட்டமும் ஒத்துள்ளனவா என இடையறாது ஒப்புநோக்குவது. 30 மில்லியம்பியர் குறைந்து மீளுமாயின், குறைந்த பங்கு மண்ணுக்கோ மனிதவுடலுக்கோ போயிற்றென்பது பொருள். உடனே, நொடியிற் பத்தில் மூன்று பங்குக்குள், மின்னைத் துண்டித்துவிடும்.

இரண்டடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, இரும்புக் கவசம் பூண்ட வடத்தைப் புதைத்தார். உள்ளே 4 சதுர மில்லிமீற்றர் பருமனுள்ள கம்பிகள் மூன்று: மின்னைக் கொணர்வது மண்ணிறம், மீட்டுச் செல்வது நீலம், பச்சையும் மஞ்சளுமானது புவிக்கம்பி. பருமன் எதற்கெனின், கம்பியிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காகும். யான் இழுத்த கம்பி இத்தனை ஆண்டு எரியாதிருந்தது என் திறமையன்று.

புவிக்கம்பிக்குரிய செப்புக்கோலை முற்றத்தில் இறக்க முயன்றபோது சுண்ணாம்புக்கல் தடுத்தது. அவர் கிணற்றடிக்குச் சென்று, வாழைகளின் அருகே, என்றும் ஈரமுள்ள நிலத்தில் அதனை இறக்கினார். ஈரமண் மின்னை எளிதில் ஏற்கும். பொறியின் இரும்புடலில் மின் கசிந்தால், அது தொடுவோன் உடலை நாடாமல் புவிக்கம்பி வழியே மண்ணுக்கு ஓடும். சுற்றுடைப்பானும் உடனே விழும். எனது இரட்டைக் கம்பியில் அவ்வழியே இருக்கவில்லை.

ஆளி, உருகி, குதை, காவலி என நம் கலைச்சொல்லாக்க அறிஞர் ஆக்கித்தந்த சொற்களை வகுப்பிலே வியந்து போற்றியவன் யான். அவற்றின் பகுதி விகுதிகளை அறிவேன். உருகுவது எதற்காக உருகுகின்றது என்பதை மாத்திரம் அறிந்திலேன். ‘பியூஸ்’ என்று சொல்பவர் அதை அறிந்திருந்தார்.

வேலை முடிந்ததும் கூலியை முழுவதும் கொடுத்தேன். 2010இல் யான் மிச்சம் பிடித்த கூலியே அது. விடைபெறுமுன் அவர், சுற்றுடைப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கொருமுறை அழுத்திப் பார்க்கும்படி கூறினார். அழுத்தியதும் மின் நில்லாதாயின் அது பழுதென்று கொள்ளவேண்டும்.

இப்பொழுது அதனை அழுத்துபவன் என் தமக்கையின் மகன். காலில் செருப்பு உண்டா என்று பார்ப்பவன் யான்.