கடல் இல்லாத ஊரில் கடற்படை!

உங்களுக்குத் தெரியுமா?

தோல் ஆலைகளுக்குப் பெயர்போன பழைய வேலூர் மாவட்டத்தில் கடற்கரையே கிடையாது. ஆனால், கடல்வழி ஊடுருவலைக் கண்காணிக்கும் கடற்படை விமானத் தளம் அங்கே இருக்கிறது. அதுதான் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-ல் தொடங்கப்பட்ட இது, 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டத்தில் வருகிறது.

● இந்தக் கண்காணிப்பு ஏன் தேவை? 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கிய 10 பயங்கரவாதிகளும் ஒரு மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன்பின் 2009-ல் கடல் பாதுகாப்பின் ஒட்டுமொத்தப் பொறுப்பும் கடற்படைக்கு வந்தது. கடற்படைத் தளங்களைக் காக்க ‘சாகர் பிரஹரி பல்’ என்ற தனிப்படையும் உருவானது.

● 2013 முதல் ராஜாளியிலிருந்து பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் பறக்கின்றன. அவை ரேடாரால் கடல் பரப்பை அலசும். நீர்மூழ்கிகளின் ஓசையைப் பிடிக்கும் மிதவைகளைக் கடலில் வீசும். ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளியும் இங்கேதான்.

● கடலோரப் பாதுகாப்பைச் சோதிக்கும் ‘சாகர் கவச்’ ஒத்திகையில் போலீஸாரே தீவிரவாதி வேடத்தில், டம்மி குண்டுகளுடன் படகில் வந்து கரையேறப் பார்ப்பார்கள். அவர்களை மடக்குவதுதான் கரையைக் காப்பவர்களுக்குப் பரீட்சை!

● 2019-ல் தொடங்கிய ‘சீ விஜில்’ ஒத்திகை, நாட்டின் கடற்கரை முழுவதையும் ஒரே நேரத்தில் சோதிக்கிறது.