சிகரெட்டைத் தொடாதவருக்கும் நுரையீரல் புற்றுநோயா?

சுங்கை சிப்புட் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, இப்போது ஈப்போவில் பிள்ளைகளோடு வாழும் தாய்மார்களின் வீடுகளில் நான் கேட்கும் கேள்வி இது: "அம்மா சிகரெட்டைத் தொட்டதே இல்லையே, எப்படி?"

வானொலி அறிவிப்பாளர் பாணியிலேயே சொல்கிறேன். நம் செல்களின் மேல் இ.ஜி.எஃப்.ஆர் என்ற புரதம் உண்டு. அது ஒரு ரிசீவர். வெளியிலிருந்து 'வளர்' என்ற செய்தி வந்தால் உள்ளே அனுப்பும். செய்தி நின்றால் ஓய்ந்துவிடும். மரபணுவில் பிழை விழுந்தால், நிலையத்தை மூடிய பிறகும் 'வளர், வளர்' என்று ஒலித்துக்கொண்டே இருக்கும். செல்கள் பெருகிக் கட்டியாகும்.

இந்தப் பிழையை 2004இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். புகைபிடிக்காதவர்கள், பெண்கள், ஆசியர்களிடம் இது அதிகம். ரிசீவரை அடைக்கும் மாத்திரைகளும் உண்டு: ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒசிமெர்ட்டினிப். முற்றிய நோயை இவை முழுதாகப் போக்குவதில்லை. செல்கள் நாளடைவில் மாற்றுவழி தேடிக்கொள்ளும். ஆனாலும் பலருக்கு நல்ல மாதங்களை, ஆண்டுகளைக்கூடத் தருகின்றன.

பிழை இருப்பவருக்கே இவை நன்றாக வேலை செய்யும். ஆகவே, திசு எடுத்ததும் "மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா, டாக்டர்?" என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீளும் இருமலை, "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.