உங்களுக்குத் தெரியுமா? எலி கொறித்த விதையில் ஒரு நாட்டின் வரலாறு

நியூசிலாந்தில் மனிதர்கள் எப்போது குடியேறினார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்தவற்றுள் முக்கியமானது, எலி கொறித்துப் போட்ட விதை!

• மனிதர் வரும்வரை அந்தத் தீவுகளில் எலியே கிடையாது. நிலத்தில் வாழ்ந்த பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே. பசிபிக் எலியால் அத்தனை பெரிய கடலை நீந்திக் கடக்க முடியாது. பசிபிக் தீவுவாசிகளான பாலினீசியர்களின் ஓடங்களில் ஏறித்தான் வந்தது. அவர்களின் வழிவந்த நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மாவோரிகள் அதைக் ‘கியோரே’ என்கிறார்கள். அது அவர்களுக்கு உணவாகவும் இருந்தது.

• சதுப்பு மண்ணில் மட்காமல் கிடந்த விதை ஓடுகளில் எலிப்பல்லின் தடம் தெளிவாகவே பதிந்திருந்தது. அந்த விதைகளையும் பழைய எலி எலும்புகளையும் கதிரியக்கக் கரிமம் கொண்டு காலம் கணித்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: எலி வந்தது, அதாவது அதைக் கொண்டுவந்த மனிதர் வந்தது, கி.பி. 1280 வாக்கில்தான். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எலி வந்துவிட்டது என்ற பழைய கணிப்பு இதனால் ஆட்டம் கண்டது. எலும்பைவிட விதையே நம்பகமான சாட்சி. எலும்பின் கணக்கை எலி தின்ற உணவுகூடக் குழப்பிவிடும். விதையில் அந்தச் சிக்கல் இல்லை.

• எலியின் மரபணுவும் பேசுகிறது. பிற்காலத்தில் ஐரோப்பியக் கப்பல்களில் வந்த எலிகள் வேறு இனங்கள். பசிபிக் எலியோடு கலப்பதில்லை. அதனால் பழைய வம்சாவளி கலப்பின்றி அப்படியே நிற்கிறது. எலியும் அதைக் கொண்டுவந்தவர்களும் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு அது கைகாட்டும் திசை: பசிபிக்கின் குக் தீவுகள், சொசைட்டி தீவுகள்.