சிங்கப்பூரில் சைக்கிள் விடலாம். எங்கே என்று தெரியணும்!

கீழச்சிவல்பட்டியில் சைக்கிள் விட யாரும் இடம் தேடுவதில்லை. வாசல்படி இறங்கி ஏறி உட்கார்ந்தால் போதும். கண்மாய்க்கரையில் போகலாம். செம்மண் தடத்தில் போகலாம். திருப்பத்தூர் ரோட்டில் பஸ்சுக்கு ஒதுங்கி ஓரமாகவும் போகலாம். ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

அப்படி வளர்ந்த பையன் ஒருவன் வேலைக்காகச் சிங்கப்பூர் போய் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதச் சம்பளம் வருகிறது. பழைய சைக்கிள் ஒன்று வாங்குகிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெடலை மிதிக்கிறான். அகலமான ரோடு. ஒரு குண்டு குழி இல்லை. "இதுவல்லவோ ரோடு!" என்று அழுத்திக்கொண்டே போகிறான்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் சைரன்!

அவன் ஏறியது எக்ஸ்பிரஸ்வே. அங்கே சைக்கிளுக்கு அறவே தடை. முதல் தடவை பிடிபட்டால் 150 வெள்ளி அபராதம். (டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) நம் பணத்துக்குச் சுமார் பத்தாயிரம் ரூபாய்!

அபராதம் என்றால் காசோடு போச்சு. பின்னால் வந்தது லாரியாக இருந்தால்? ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் ஊரில் அப்படியே நிற்கும். ஆள் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் வட்டி படுக்காது. இதைச் செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

சைக்கிள் விடத் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த ஊரில் எங்கே விடலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கிட்டங்கிக் காலம்

இந்தப் பக்கத்துக்கும் சிங்கப்பூருக்கும் உறவு நேற்று வந்ததல்ல. நகரத்தார் ஊர்களில் கீழச்சிவல்பட்டியும் ஒன்று. பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை என்று கப்பலேறிக் கொண்டுவிற்கப் போனவர்கள் நகரத்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் 'கிட்டங்கி' என்ற நீளக் கட்டிடங்களில் வரிசையாகப் பெட்டியடி போட்டு உட்கார்ந்து தொழில் பார்த்தார்கள். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை 1859-ல் கட்டியதும் அவர்கள்தான். அவர்களுக்குக் கடையும் அதுவே, படுக்கையும் அதுவே.

இன்று போகிறவர்கள் கதை வேறு. கட்டிட வேலை, கப்பல் பட்டறை, ஓட்டல், கம்ப்யூட்டர் கம்பெனி என்று ஆளுக்கு ஒரு திசை. தங்குமிடம் ஒரு மூலை, வேலை ஒரு மூலை. பஸ் நிறுத்தம் வரை போகவும், கடைக்குப் போய் வரவும் சைக்கிள்தான் கை கொடுக்கிறது.

கார் வாங்கலாமே என்றால் அது கனவு! சிங்கப்பூரில் காரை விட, கார் வைத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுக்குத்தான் அடிதடி. 1990 முதல் அதை ஏலம் போட்டுத்தான் கொடுக்கிறார்கள். 10 வருடம்தான் செல்லும். 2023 அக்டோபரில் சின்னக் காருக்கான சீட்டு மட்டுமே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது!

காரணம் இல்லாமல் இல்லை. சிவகங்கை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராத ஊர் சிங்கப்பூர். அதற்குள் சுமார் 60 லட்சம் பேர். எல்லோரும் கார் வாங்கினால் நிற்கக்கூட இடம் இருக்காது. அதனால் சைக்கிளுக்கு என்று தனிப்பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாதை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல்தான் புதுசாகப் போகிறவர்கள் மெயின் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்கிறார்கள்.

கால்வாய் ஓரம் ராஜபாட்டை

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 'பூங்கா இணைப்புப் பாதை'. மழைநீர் ஓடும் பெரிய கால்வாய்களின் ஓரத்தில் சும்மா கிடந்த நிலத்தில் 1990-களில் இதைப் போட ஆரம்பித்தார்கள். ஒரு பூங்காவை அடுத்த பூங்காவோடு இணைத்துக்கொண்டே போய், இன்று 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. கார் கிடையாது, லாரி கிடையாது. மரநிழல். காசும் கிடையாது.

குடியிருப்புக்குப் பக்கத்தில் பெரிய கால்வாய் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். அநேகமாக அதன் ஓரத்திலேயே பாதை இருக்கும். நம் ஊரில் கண்மாய்க்கரையைத் தேடிப் போகிற மாதிரிதான்!

கிழக்குப் பக்கம் தங்கியிருப்பவர்களுக்கு யோகம். சாங்கி, பிடோக், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் பகுதிகளைச் சுற்றி 42 கிலோமீட்டர் வட்டப்பாதை இருக்கிறது. அதில் ஒரு பகுதி ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைப் பூங்கா. கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது. ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் மரங்கள். சொந்தச் சைக்கிள் இல்லாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் கடைகளும் உண்டு. பொங்கோல் பக்கம் இருப்பவர்களுக்கு ஆற்றோரமாக 26 கிலோமீட்டரில் இன்னொரு வட்டம்.

ரயில் போன தடம்

மேற்கே இருப்பவர்களுக்குப் பழைய ரயில் பாதை இருக்கிறது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலேசிய ரயில் ஓடிய தடம். நம் காரைக்குடி லைன் முன்பு இருந்த மாதிரி அதுவும் மீட்டர் கேஜ்தான். 2011 ஜூன் 30-ந் தேதியோடு ரயில் நின்றது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு 24 கிலோமீட்டர் தடத்தை நடக்கவும் சைக்கிள் விடவும் விட்டுவிட்டார்கள். பழைய இரும்புப் பாலங்கள் இன்றும் நிற்கின்றன. இரண்டு பக்கமும் காடு மாதிரி பச்சை. நடுவில் போகும்போது சிங்கப்பூரில் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

ஊர் நினைப்பு வந்து தொண்டை அடைத்தால் உபின் தீவு. சாங்கியில் படகு ஏற வேண்டும். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். தீவில் இறங்கியதும் சைக்கிள் வாடகைக் கடைகள். மண் ரோடு, தகரக் கூரை வீடு, குறுக்கே ஓடும் கோழி. மாடிக் கட்டிடக் காட்டிலேயே கிடந்தவனுக்கு அதைப் பார்த்தால் பாதி ஏக்கம் தீர்ந்துவிடும்!

வேகம்... ஜாக்கிரதை!

பாதை கிடைத்துவிட்டது என்று பறக்கக் கூடாது. சட்டம் இருக்கிறது.

நடைபாதையில் சைக்கிள் விடலாம். ஆனால் மணிக்கு 10 கிலோமீட்டர்தான். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 வரை. நடப்பவர்களுக்கு மட்டும் என்று எழுதிப்போட்ட பாதைகளும் உண்டு. 2025 ஜூலை 1 முதல் அதில் சைக்கிள் விட்டால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும்! பக்கத்திலேயே சைக்கிள் படம் போட்ட பாதை இருக்கும். தரையைப் பார்த்துப் போனால் தொல்லை இல்லை.

ரோட்டில் இறங்கினால் ஹெல்மெட் கட்டாயம். 2019-ல் வந்த சட்டம் இது. இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். நம் ஊரில் டைனமோ கழன்று தொங்கினாலும் நிலா வெளிச்சத்தில் சமாளிக்கலாம். அங்கே நடக்காது. கைபிரேக் இல்லாத சைக்கிளைப் பாதையில் எடுக்கவே கூடாது. ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டு போனாலும் குற்றம்.

யாரையாவது இடித்துவிட்டால் பயந்து ஓடிவிடக் கூடாது. நின்று, அடிபட்டவருக்கு உதவி செய்து, பெயர் விலாசம் கொடுக்க வேண்டும். ஓடினால் சின்ன விபத்து பெரிய வழக்காகிவிடும்.

பேட்டரி சைக்கிள் ஆசை

சம்பளம் கொஞ்சம் சேர்ந்ததும் பலருக்கு வரும் ஆசை பேட்டரி சைக்கிள். இதில்தான் ஏமாற்றம் அதிகம். பேட்டரி சைக்கிளைப் பதிவு செய்து நம்பர் பிளேட் மாட்டியிருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்கு வயது 16 ஆகியிருக்க வேண்டும். 2022 முதல் எழுத்துப் பரீட்சையும் பாஸ் செய்ய வேண்டும். இவ்வளவும் செய்தாலும் நடைபாதையில் விட முடியாது. ஸ்கூட்டர் மாதிரி கையால் திருகினால் ஓடும் வண்டிக்கு அனுமதியே இல்லை.

யாரோ "மலிவாத் தர்றேன்" என்று நம்பர் பிளேட் இல்லாத வண்டியைக் கொடுத்தால் வாங்க வேண்டாம். பிடிபட்டால் வண்டி பறிமுதல். அதன்பிறகு கோர்ட்டு, லீவு, அலைச்சல்!

மிதிக்கிற சைக்கிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. லைசென்சும் தேவையில்லை. மடக்கு சைக்கிள் என்றால் மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு எம்.ஆர்.டி. ரயிலிலேயே ஏறிவிடலாம்.

சொந்தமாக வாங்க வேண்டாம் என்பவர்களுக்கு, போனில் காசு கட்டிப் பூட்டைத் திறக்கும் பொது சைக்கிள் இருக்கிறது. ஓட்டி முடித்ததும் கண்ட இடத்தில் சாத்திவிட்டுப் போகக் கூடாது. குறித்த இடத்தில் நிறுத்தி, அங்கே ஒட்டியிருக்கும் சதுரக் கட்டத்தைப் போனில் படம் பிடிக்க வேண்டும். மறந்தால் 5 வெள்ளி போச்சு. முன்பணம் கட்டச் சொன்னால் யோசியுங்கள். 2018-ல் ஓபைக் என்ற கம்பெனி திடீரென்று கடையை மூடியது. முன்பணம் கட்டிய ஆயிரக்கணக்கானவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அம்மா கற்ற சைக்கிள்

இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் சொல்கிற சங்கதி அல்ல. கீழச்சிவல்பட்டிக்கு வடக்கே திருமயம் தாண்டினால் புதுக்கோட்டை. 1991, 92-ல் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து கற்க வந்த பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கேலிக்கு அஞ்சாமல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். கடைக்கும் வயலுக்கும் ஆண் துணை தேடாமல் போய் வந்தார்கள்.

அந்தத் தலைமுறையின் மகள்கள் இன்று புருஷனோடு சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார்கள். புருஷன் வேலைக்குப் போனால் நாலு சுவர்தான் துணை. அவர்களில் பலர் ஸ்கூலில் இலவச சைக்கிள் வாங்கி ஓட்டியவர்கள். கீழே இறங்கிக் கால்வாய் ஓரப் பாதைக்கு ஐந்து நிமிடம். அது இருப்பதை யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

துபாய் என்றால் வலது பக்கம்!

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் ஊர் மாதிரியே இடது பக்கம் போக வேண்டும். வளைகுடா நாடுகளில் எல்லாமே வலது பக்கம். ரோட்டைக் கடக்கும்போது பழக்க தோஷத்தில் வலது பக்கம் பார்ப்போம். வண்டி இடது பக்கமிருந்து வரும்! முதல் மாதம் சைக்கிளைத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

துபாயில் 60 கிலோமீட்டரும் அதற்கு மேலும் வேகம் அனுமதித்த ரோடுகளில் சைக்கிள் விடத் தடை. ஹெல்மெட்டும் பளபளக்கும் சட்டையும் கட்டாயம். ஆசைக்கு ஓட்ட அல் குத்ராவில் பாலைவனத்துக்கு நடுவே 80 கிலோமீட்டருக்கு மேல் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

ஊறுகாயோடு ஒரு வார்த்தை

சிங்கப்பூரில் 2030-க்குள் சைக்கிள் பாதைகளை 1,300 கிலோமீட்டர் ஆக்குவதாகத் திட்டம். பாதை வளர்ந்துகொண்டே போகிறது. புதுசாகப் போகிறவன் காதில்தான் விஷயம் விழுவதில்லை.

வெளிநாடு போகிற பிள்ளைக்கு ஊறுகாய், பருப்புப் பொடி, முறுக்கு என்று கட்டிக்கொடுக்கிறார்கள். "பத்திரமா இருப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏற்றி விடுகிறார்கள். அதோடு இந்த ஒரு வார்த்தையையும் சொல்லி அனுப்பட்டும்:

"சைக்கிள் வாங்குறதுன்னா வாங்கிக்க. விளக்கு, பிரேக், ஹெல்மெட் மூணையும் முதல்ல பார்த்துக்க. முதல் ஞாயித்துக்கிழமை தனியாக் கிளம்பாதே. அங்க நாலு வருஷமா இருக்கிற ஆள் பின்னாடியே போயி பாதையைப் பழகிக்க. அப்புறம் உன் இஷ்டம்!"