கொழுக்கி சொல்லும் பாடம்: கவனயீனமா, விதியா, தடுக்கக்கூடிய விபத்தா?

வேலைத்தளம் ஒன்றில் ஒருவரின் கை இயந்திரத்தில் அகப்பட்டுவிட்டது என்ற செய்தி வந்தால் நம்மவர்களிடையே இரண்டு விளக்கங்கள் உடனே புறப்படும். ஒன்று, "அவர் கவனமாக இருந்திருக்க வேண்டும்." மற்றையது, "கழா கத்ர், என்ன செய்வது?" முதலாவது பழியைத் தொழிலாளியின் தலையில் போடுகிறது. இரண்டாவது பேச்சையே முடித்துவிடுகிறது. விதியை நம்புவது நமது ஈமானின் ஒரு பகுதி. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆனால் தடுக்கக்கூடிய விபத்தைத் தடுக்காமல் இருந்துவிட்டு அதற்கு விதியைச் சாட்டலாமா என்பதே எனது கேள்வி.

இந்தக் கேள்வியை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் இரும்புக் கொழுக்கியின் வரலாறு நினைவுக்கு வரும். ஐக்கிய அமெரிக்காவில் ரயில் பெட்டிகளை ஒன்றோடொன்று கொழுவும் முறை மாறிய வரலாறு அது. நமக்குத் தூரத்து விடயம்போலத் தெரியலாம். ஆனால் அதில் பேசப்பட்ட வார்த்தைகள் நமது ஊர்களில் இன்றும் கேட்பவைதான்.

வளையமும் ஆணியும்

19 ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்கச் சரக்கு ரயில் பெட்டிகள் மிக எளிய முறையில் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு பெட்டியின் நுனியிலும் வாய் திறந்த ஓர் இரும்புக் கூடு இருக்கும். சங்கிலியின் ஒரு கண்ணியைப் பெரிதாக்கியது போன்ற நீள்வட்ட வளையம் ஒன்றை அந்த வாய்க்குள் செலுத்தி, மேலிருந்து ஓர் இரும்பு ஆணியை இறக்கிவிட்டால் வளையம் பிடித்துக்கொள்ளும். அடுத்த பெட்டியிலும் அப்படியே. செலவு குறைவு, எந்தக் கொல்லனும் செய்து தரக்கூடிய சாமான்.

பிரச்சினை, அந்த வளையத்தை உள்ளே செலுத்துவது யார் என்பதில் இருந்தது. ஒரு பெட்டி அசையாமல் நிற்க, மற்றது இன்ஜினால் தள்ளப்பட்டு வரும். பிரேக்காரர் என்று அழைக்கப்பட்ட ஊழியர் இரண்டுக்கும் நடுவே நின்று, வளையத்தின் நுனியைக் கையால் தூக்கி, வரும் பெட்டியின் வாய்க்குள் சரியாகப் போகும்படி பிடிக்க வேண்டும். பெட்டிகள் முட்டுவதற்கு முன் கையை இழுத்துக்கொண்டு, ஆணியையும் இறக்க வேண்டும். எல்லாப் பெட்டிகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு கம்பனியின் கூடும் ஒவ்வொரு மாதிரி. இதை இரவிலும், மழையிலும், பனி உறைந்த தண்டவாளத்திலும் செய்ய வேண்டும். ஒரு கணம் பிந்தினால் விரல் போகும். கால் இடறினால் உயிர் போகும்.

விரல்கள் குறைந்த கைதான் அனுபவமுள்ள பிரேக்காரரின் அடையாளம் என்று அந்நாளில் பேசிக்கொள்ளும் அளவுக்கு நிலைமை இருந்தது. 1892 ஆம் ஆண்டில் மட்டும் பெட்டி கொழுவும் வேலையில் ஏற்பட்ட விபத்துகள் 11,000 ஐ நெருங்கின. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே, 1889 இல், ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசன், பயனுள்ள தொழிலைச் செய்யும் மக்கள் போர்க்களத்துச் சிப்பாய்க்கு நிகரான ஆபத்தில் நிற்பது தமது நாகரிகத்துக்கே இழுக்கு என்ற கருத்தைக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் தெரிவித்திருந்தார்.

விடை இருந்தும் தாமதம்

பலரும் நினைப்பதுபோல அன்று வேறு வழி தெரியாமல் இருக்கவில்லை. வெர்ஜீனியா மாநிலத்தில் ஒரு கடையில் எழுதுவினைஞராக இருந்த ஈலை ஜேனி என்பவர் 1873 ஏப்ரல் 29 ஆம் திகதி ஒரு புதிய கொழுக்கிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

அதன் வடிவத்தை விளங்கிக்கொள்ள உங்கள் கைகளே போதும். வலது கை விரல்களைச் சற்று மடக்கி, அதேபோல மடக்கிய இடது கை விரல்களோடு கொழுவிப் பாருங்கள். ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும், இழுத்தால் வராது. ஜேனியின் கொழுக்கியும் அப்படித்தான். அதன் தாடை ஒரு முளையில் சுழலக்கூடியது. தாடை திறந்த நிலையில் பெட்டிகள் முட்டும்போது அது சுழன்று மூடிக்கொள்ளும். உள்ளேயிருக்கும் பூட்டு இரும்பு விழுந்து, தாடையைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால், பெட்டியின் ஓரத்தில் நின்று நெம்புகோலைத் தூக்கினால் போதும். அசையும் பெட்டிகளுக்கு நடுவே மனிதர் நிற்க வேண்டிய தேவையே இல்லை. காற்று பிரேக் குழாய்களைக் கையால்தான் பொருத்த வேண்டும். ஆனால் அதை வண்டி முற்றாக நின்ற பிறகு செய்யலாம்.

விடை 1873 இலேயே கிடைத்துவிட்டது. சட்டம் வந்ததோ 1893 இல். இடையில் 20 ஆண்டுகள்.

இந்தத் தாமதத்துக்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தெரிகின்றன. முதலாவது, தனியொரு கம்பனி நல்ல கொழுக்கியைப் பூட்டினாலும் முழுப் பயன் கிடைக்காது. சரக்குப் பெட்டிகள் ஒரு கம்பனியின் பாதையிலிருந்து மற்றக் கம்பனியின் பாதைக்கு மாறி மாறிப் போகும். புதிய கொழுக்கி பூட்டிய பெட்டிக்கு முன்னால் பழைய வளையப் பெட்டி வந்து நின்றால், மறுபடியும் ஒரு மனிதர் நடுவே போகத்தான் வேண்டும். இதற்காகவே ஜேனியின் தாடையில் பழைய வளையம் நுழைய ஒரு பிளவும் ஆணி இறங்க ஒரு துளையும் விட வேண்டியிருந்தது. ரயில் பெட்டி நிர்மாணிப்பாளர்களின் சங்கம் 1880 களின் இறுதியில் ஜேனியின் வடிவத்தைப் பொது அளவாக ஏற்றுக்கொண்டது. அந்த வெளிவடிவத்தின் மீதான உரிமையை ஜேனியும் விட்டுக்கொடுத்தார். பல உற்பத்தியாளர்கள் செய்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும் கொழுக்கிகள் அதன் பின்னரே சாத்தியமாயின.

இரண்டாவது காரணம் கசப்பானது. விபத்தின் விலையைக் கம்பனி கொடுக்கவில்லை. அன்றைய நீதிமன்றங்கள், ஆபத்து என்று தெரிந்தும் வேலைக்கு வந்தவர் அந்த ஆபத்தைத் தானாகவே ஏற்றுக்கொண்டவர் என்று கருதின. கையிழந்தவர் வழக்குப் போட்டால், "உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே வந்தாய்?" என்பதே பதில். புதிய கொழுக்கிக்குக் காசு செலவாகும். உடைந்த மனிதருக்குச் செலவில்லை. கணக்குப் பார்ப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் எதைச் சொன்னது

இந்தக் கணக்கை மாற்றப் பாடுபட்டவர்களில் அயோவா மாநிலத்தின் விவசாயி லொரென்சோ கொஃபின் குறிப்பிடத்தக்கவர். பெட்டி கொழுவும்போது ஒருவர் விரல்களை இழந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். அதன் பின் ஆண்டுக்கணக்காக ரயில் அதிகாரிகளின் கூட்டங்களுக்கும், பத்திரிகைகளுக்கும், சட்டமன்றங்களுக்கும் அலைந்தார். தொழிற்சங்கங்களும் குரல் கொடுத்தன. 1893 மார்ச் 2 ஆம் திகதி ஹரிசன் ரயில்வே பாதுகாப்புச் சாதனச் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

அந்தச் சட்டத்தின் வாசகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அது ஜேனியின் பெயரையோ வேறு எந்தக் கண்டுபிடிப்பின் பெயரையோ சொல்லவில்லை. பெட்டிகள் முட்டும்போது தானாகவே இணைய வேண்டும், அவற்றைக் கழற்ற மனிதர் பெட்டிகளுக்கு நடுவே போக வேண்டிய தேவை இருக்கக் கூடாது என்றது. கவனமாக இரு என்று தொழிலாளிக்குச் சொல்லாமல், ஆபத்தான இடத்தில் அவர் நிற்கும் தேவையையே நீக்கு என்று முதலாளிக்குச் சொன்னது. சட்டத்துக்கு மாறான பெட்டியில் ஒருவர் காயப்பட்டால், தெரிந்தே வேலை செய்தார் என்பதற்காக அவர் ஆபத்தை ஏற்றுக்கொண்டவராகக் கருதப்பட மாட்டார் என்றும் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது.

முதலில் கொடுக்கப்பட்ட காலக்கெடு 1898 ஜனவரி 1. கம்பனிகள் அவகாசம் கேட்டன. இறுதியில் அது 1900 ஆகஸ்ட் 1 வரை நீண்டது.

நான்கு நாட்களின் பின்

அதற்குச் சரியாக நான்கு நாட்களின் பின், 1900 ஆகஸ்ட் 5 ஆம் திகதி, யூட்டா மாநிலத்தின் புரொமொன்டரி என்ற இடத்தில் ஜோன்சன் என்ற பிரேக்காரருக்கு ஒரு கட்டளை கிடைத்தது. சதர்ன் பசிபிக் கம்பனியின் இன்ஜின் ஒன்றை உணவுப் பெட்டியோடு கொழுவ வேண்டும். இன்ஜினில் ஜேனி கொழுக்கி. உணவுப் பெட்டியில் மில்லர் கொழுக்கி. இரண்டும் தத்தமது இனத்தோடு தானாக இணையக்கூடியவை. ஆனால் ஒன்றோடொன்று இணையா. ஜோன்சன் நடுவே போனார். கை நசுங்கியது, மணிக்கட்டுக்கு மேலே துண்டிக்க வேண்டியதாயிற்று.

வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இன்ஜின் என்பது "பெட்டி" அல்ல, எனவே சட்டம் அதற்குப் பொருந்தாது என்று அங்கே தீர்ப்பானது. இரண்டிலும் தானியங்கிக் கொழுக்கி இருந்தால் போதும், அவை ஒன்றோடொன்று பொருந்த வேண்டியதில்லை என்றும் சொல்லப்பட்டது. எழுத்தைப் பிடித்துக்கொண்டு நோக்கத்தைக் கைவிட்ட தீர்ப்பு அது. 1904 டிசம்பரில் நாட்டின் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. பிரதம நீதியரசர் மெல்வில் ஃபுல்லர் வழங்கிய தீர்ப்பின்படி இன்ஜினும் சட்டத்துக்குள் அடங்கும். கொழுக்கிகள் நடைமுறையில் ஒன்றோடொன்று தானாக இணைந்தே ஆக வேண்டும். மனிதரை நடுவே போகாமல் காப்பதுதான் சட்டத்தின் நோக்கம். அந்த நோக்கத்தைத் தோற்கடிக்கும் விதத்தில் அதை வாசிக்க முடியாது.

பலன் என்ன? 1902 இல் கொழுவும் வேலை விபத்துகள் 2,000 ஐச் சற்றுத் தாண்டிய அளவுக்கு இறங்கிவிட்டன. அந்தப் பத்து ஆண்டுகளில் ரயில் ஊழியர் தொகையோ கூடியிருந்தது. தொழிலாளர்கள் திடீரென்று கவனசாலிகளாக மாறிவிடவில்லை. அதே மனிதர்கள், அதே களைப்பு, அதே இரவு வேலை. மாறியது கொழுக்கிதான்.

இதே மாற்றத்தை ஜப்பான் வேறு விதமாகச் செய்தது. பழையதும் புதியதும் கலந்து ஓடும் இடைக்காலமே ஆபத்தானது என்பதால், ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் செய்து, புதிய கொழுக்கிகளைப் பெட்டிகளின் அடியில் முன்கூட்டியே கட்டித் தொங்கவிட்டு, ஹொன்ஷு தீவின் சரக்குப் பெட்டிகளில் 1925 ஜூலை 17 என்ற ஒரே நாளில் மாற்றிப் பூட்டினார்கள். ஐரோப்பாவின் சரக்கு ரயில்களிலோ கையால் திருகிப் பூட்டும் கொழுக்கியே இன்றும் பெரும்பாலும் உள்ளது. பிரித்தானியர் நமக்கு விட்டுச்சென்றதும் அந்த முறைதான். கொழும்புக் கோட்டையிலோ மருதானையிலோ நிற்கும் பழைய பெட்டிகளின் நுனியைப் பார்த்தால், இரு பக்கமும் வட்டத் தட்டுகளும் நடுவே கொழுக்கியும் தெரியும். அதைக் கொழுவ ஒருவர் குனிந்து உள்ளே போகத்தான் வேண்டும்.

நமக்குரியது என்ன

ரயிலை நாம் நடத்தவில்லை. ஆனால் அரிசி ஆலைகள், மரக்காலைகள், பேக்கரிகள், தையல் நிலையங்கள் என்று நமது ஊர்களில் இயந்திரம் ஓடும் இடங்கள் எத்தனையோ. இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குப் பாதுகாப்பு வேலி இட வேண்டும் என்று 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1934 முதல் இருக்கிறது. அமெரிக்கப் பிரேக்காரர் போராடிப் பெற்றதில் ஒரு பகுதி நமது சட்டப் புத்தகத்தில் ஏற்கனவே உள்ளது. ஆனாலும் பட்டி சுழலும் இடத்தில் மூடி இல்லாத ஆலைகளையும், காவல் கழற்றி வைக்கப்பட்ட வாள்களையும் நான் கண்டிருக்கிறேன். "மூடி இருந்தால் வேலை சுணங்கும்" என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தீங்கு நீக்கப்பட வேண்டும் என்பது நமது ஃபிக்ஹ் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்று. அந்த விதி நீக்கச் சொல்வது தீங்கைத்தான். தீங்குக்கு நடுவே நிற்பவரைக் கவனமாக நிற்கச் சொல்வதோடு நமது கடமை முடிந்துவிடாது.

கை இழந்த ஒருவருக்காக ஜும்ஆவின் பின் நாம் துண்டு விரிக்கிறோம். மனமுவந்து கொடுக்கிறோம். அது பெரிய நன்மை. அது தொடர வேண்டும். ஆனால் அந்தக் காசில் ஒரு சிறு பங்கு செலவிட்டிருந்தால் அந்த இயந்திரத்துக்கு மூடி போட்டிருக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தக சங்கங்களும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஊரின் ஆலைகளையும் பட்டறைகளையும் சுற்றிப் பார்த்து, "இங்கே ஒருவரின் கை போக வேண்டிய தேவை ஏன் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியைக் கேட்கலாம். 1893 இன் சட்டம் கேட்டதும் அந்தக் கேள்வியைத்தான். விபத்து நடந்த பிறகு கேட்பதை விட, இயந்திரத்தை வாங்கும் நாளிலேயே முதலாளி அதைக் கேட்பது நல்லது. செலவும் குறைவு, மறுமையில் பதில் சொல்வதும் இலேசு.