போனில் அளந்து வேலி போடலாமா?

“ஒரு ஏக்கருக்கு வேலி போட எவ்வளவு ஆகும்?” கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் பக்கம் கம்பி வேலி வேலை எடுத்துச் செய்பவர் நீங்கள் என்றால், இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். இதற்கு ஒரே தொகையாகப் பதில் சொல்ல முடியாது. ஏக்கர் என்பது பரப்பு. வேலிக்கு வேண்டியது சுற்றளவு.

ஒரே ஏக்கரில் அப்படி என்ன வித்தியாசம் வரும்?

ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. காடு சரிசதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 209 அடி. சுற்றளவு 835 அடி. அதே ஏக்கர் 104 அடி அகலமும் 417 அடி நீளமுமாக நீண்டு கிடந்தால் சுற்றளவு 1,042 அடி ஆகிவிடும். கல்லும் கம்பியும் கூலியும் கால் பங்கு கூடுகின்றன. ஏக்கர் கணக்கில் விலை பேசிவிட்டால் அந்தக் கால் பங்கு உங்கள் கையிலிருந்துதான் போகும்.

சுற்றளவை போனிலேயே எடுத்துவிடலாமா?

விலை சொல்வதற்கு எடுக்கலாம். நிலம் அளக்கும் செயலியைத் திறந்து, வரப்போரம் ஒரு சுற்று நடந்தால் நீளமும் பரப்பும் வந்துவிடும். செயலி இந்தக் கணக்கை ஜிபிஎஸ் (செயற்கைக்கோள்களை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கண்டறியும் முறை) மூலம் போடுகிறது.

வானம் திறந்த இடத்தில் போனின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர், அதாவது 16 அடி வரை தள்ளிக் காட்டலாம். பாக்குத் தோப்புக்குள்ளும் தென்னைக்கு அடியிலும் பிழை இன்னும் கூடும். நீங்கள் நடந்து முடிக்கிற கொஞ்ச நேரத்தில் இந்தப் பிழை பெரும்பாலும் ஒரே பக்கமாகவே சாய்வதால், காட்டின் வடிவமும் நீளமும் ஓரளவு சரியாக வரும். அது இருக்கும் இடம்தான் நகர்ந்து தெரியும்.

அப்படியானால் போன் காட்டும் கோட்டிலேயே கல் நட்டால் என்ன?

நடவே கூடாது. 209 அடி நீளமுள்ள ஒரு பக்கம் 16 அடி தள்ளிப் போனால், ஏழரை சென்ட்டுக்கு மேல் பக்கத்துக் காட்டுக்காரருடையது உள்ளே வந்துவிடும். அல்லது உங்கள் வாடிக்கையாளருடையது வெளியே போய்விடும். செயலியில் பட்டா எல்லை போலக் கோடு தெரிந்தாலும் நம்பிக் குழி தோண்டாதீர்கள்.

பிறகு எல்லையை யார் சொல்வது?

எல்லைக்கல்லும் புலப்படமும் (ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அரசு வைத்திருக்கும் அளவுப் படம்). புலப்படத்தைத் தமிழக அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் பட்டாவோடு சேர்த்தே எடுக்கலாம். கல் காணாமல் போயிருந்தாலோ, பக்கத்துக்காரர் முணுமுணுத்தாலோ, நிலத்துக்காரரே மனுக் கொடுத்து அரசு சர்வேயரை வரவழைக்க வேண்டும். அது உங்கள் வேலை அல்ல. “எல்லையைக் காட்டியது நிலத்துக்காரர்” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாளைக்குப் பஞ்சாயத்து வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

புலப்படத்தைப் படிக்கும்போது அளவின் அலகைப் பாருங்கள். மீட்டரில் இருந்தால் 3.28ஆல் பெருக்கினால் அடி கிடைக்கும். பழைய படங்களில் லிங்க் கணக்கு இருக்கலாம். 100 லிங்க் என்பது 66 அடி. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட்.

வேறு என்ன கருவி வாங்கலாம்?

அளவுச் சக்கரம் (தள்ளிக்கொண்டு நடந்தால் தூரம் காட்டும் கருவி) பாதையோரத்துக்கும் கெட்டித் தரைக்கும் நல்லது. உழுத காட்டில் ஏறி இறங்கி ஓடுவதால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

லேசர் மீட்டர் (ஒளிக்கற்றையை அனுப்பித் தூரம் அளக்கும் கருவி) சில மில்லிமீட்டர் பிழையோடு அளந்துவிடும். ஆனால் உச்சி வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. எதிர் முனையில் ஓர் அட்டையைப் பிடிக்கச் சொல்லி, காலையிலோ மாலையிலோ அளவெடுங்கள். அட்டை பிடிப்பவர் கண்ணில் ஒளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டிகே கருவி (தரையில் உள்ள இன்னொரு நிலையத்தின் உதவியால் ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் கருவி) சென்டிமீட்டர் கணக்கில் இடம் சொல்லும். விலை அதிகம். பெரிய வேலை வந்தால், அதை வைத்திருக்கும் தனியார் சர்வேயரைக் கூலிக்கு அழைத்துக்கொள்வது லாபம். அவர் எடுக்கும் அளவும் புலப்படத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

இவை வந்ததால் டேப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கல்லுக்குக் கல் இடைவெளி குறிக்க இன்றைக்கும் டேப்பும் கயிறும்தான்.

கொல்லிமலை, பச்சைமலை அடிவாரத்துச் சரிவு நிலத்தில்?

போனும் புலப்படமும் காட்டுவது மட்டத் தூரம். கம்பியோ சரிவோடு ஏறி இறங்கும். 100 அடிக்கு 20 அடி ஏறும் சரிவில் கம்பி 102 அடி ஓடும். பள்ளம், ஓடை குறுக்கிட்டால் இன்னும் கூடும். விலை சொல்லும் முன் அந்த இடங்களைத் தனியாக டேப்பில் அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள்.

அளவிலிருந்து சாமான் கணக்கு எப்படிப் போடுவது?

835 அடிச் சுற்றளவில் 12 அடி கேட்டைக் கழித்தால் மீதி 823 அடி. பத்தடிக்கு ஒரு கல் என்றால் 84 கல். மூலைகளில் சாய்த்து நடும் தாங்குகால் தனி. ஐந்து வரி கம்பிக்கு 4,115 அடி. முடிச்சுக்கும் தொய்வுக்கும் நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் சுமார் 4,320 அடி. முள்கம்பியை எடைக்கு வாங்கும்போது, ஒரு கிலோவுக்கு எத்தனை அடி வருகிறது என்பதைக் கடையில் கேளுங்கள். சிறு துண்டை அளந்து, எடை போட்டும் பாருங்கள். கம்பியின் பருமன் மாறினால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும்.

வேலை முடிந்ததும் அளவுச் சண்டை வராமல் இருக்க?

விலைச் சீட்டில் மூன்று விஷயங்களை எழுதிக் கொடுங்கள்: எந்தக் கருவியில் அளந்தீர்கள், இது தோராய அளவா கடைசி அளவா, கேட்டின் அகலத்தைக் கழித்தீர்களா. செயலி காட்டிய படத்தை நிலத்துக்காரர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். கம்பி கட்டி முடித்ததும் அவரையும் வைத்துக்கொண்டு, வேலியோரமாக டேப்பில் ஒருமுறை அளந்து, அந்த அடிக்கே பணம் வாங்குங்கள். போன் அளவு உங்களுக்கு அலைச்சலை மிச்சப்படுத்தும். பணம் வாங்கும் அளவு இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும்.